கவுன்சலிங் முறை ஆளுக்கு ஆள் மாறலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, எதிலும் பிடிப்பு இல்லை. முதலில் பார்த்த ஆலோசகர் தாள்களைக் கொடுத்து, மனதில் ஓடுவதையெல்லாம் தினமும் எழுதி வரச் சொன்னார். இரண்டு மூன்று முறைக்கு மேல் தங்கை போகவில்லை. இப்போது பார்ப்பவர் எதுவுமே சொல்வதில்லையாம். என்ன கேட்டாலும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறாராம். தங்கையின் வீட்டுக்காரர் "பேசுறதுக்கு எல்லாம் காசா?" என்கிறார். அம்மா மந்திரிக்க அழைத்துப் போய் வந்துவிட்டார். ஆளுக்கேற்ப மாற்றிச் செய்கிற கவுன்சலிங் என்று ஒன்று உண்டா, அது எப்படி இருக்கும், எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி.

நான் வேலூரில் ஆலோசகராக வேலை செய்கிறவள். முறைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் இந்த மாதிரி தொந்தரவில் உடம்பின் பங்கும் இருக்கலாம். தைராய்டு ஏறி இறங்குவதும் ரத்தசோகையும் படபடப்பு, சோர்வு, தூக்கக்கேடு எல்லாவற்றையும் தரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பரவலாக இருக்கிற நோய், நன்றாகக் குணமாகிற நோய். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு, அதை மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வருவதாகத் தங்கை சொன்னாலோ, சம்பந்தமில்லாத பேச்சோ பயமோ தெரிந்தாலோ, கவுன்சலிங் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். எழுதச் சொன்னவர் முறையும் தவறு இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவர் முறையும் தவறு இல்லை. இரண்டுக்கும் நீண்ட வரலாறும் ஆய்வும் இருக்கின்றன. ஆனால் "இது உங்களுக்கு ஒத்துவருதா?" என்று இருவரில் ஒருவராவது உங்கள் தங்கையிடம் கேட்டார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. வளைந்து கொடுக்கிற கவுன்சலிங் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வந்தவரின் நோக்கம் என்ன, அவர் படிப்பு என்ன, நேரம் எவ்வளவு, நம்பிக்கை என்ன, அவர் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதைப் பார்த்து முறையை அமைப்பது ஆலோசகரின் வேலை. முறைக்குத் தகுந்த மாதிரி வந்தவர் மாறவேண்டியதில்லை.

இந்தச் சிந்தனைக்கு வேர் போட்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், 1902-இல் பிறந்து 1987-இல் இறந்தவர். ரோசெஸ்டர் நகரத்தில் குழந்தைகளுக்கான ஆலோசனை மையத்தில் பல வருடம் வேலை பார்த்தார். அங்கே ஒரு தாய், அடங்காத தன் மகனைக் கூட்டி வந்தாள். குழந்தையை அவள் ஆரம்பத்திலிருந்தே ஏற்றுக்கொள்ளாததுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தோன்றியது. அதை அவளுக்குப் புரியவைக்கப் பல வாரம் முயன்றார், நடக்கவில்லை. கடைசியில் "நாம் இரண்டு பேரும் முயற்சி செய்தோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். அவளும் சரி என்று எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி, "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?" என்று கேட்டாள். தருவோம் என்றதும் திரும்ப வந்து உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையின் கசப்பையெல்லாம் கொட்டத் தொடங்கினாள். அதுவரை அவர் எடுத்த பழைய விவரங்களில் வராத விஷயங்கள் அவை. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று அந்த அனுபவத்தில் கற்றதாக ரோஜர்ஸ் பின்னால் எழுதினார்.

1940-களின் தொடக்கத்தில் அவரும் மாணவர்களும் செஷன்களைக் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்து கேட்டார்கள். தாங்கள் எவ்வளவு குறுக்கே பேசுகிறோம், எவ்வளவு சீக்கிரம் பேச்சைத் தங்கள் பக்கம் திருப்புகிறோம் என்பது தட்டில் அப்பட்டமாகக் கேட்டது. 1942-இல் வந்த அவருடைய நூலில் ஒருவருடன் நடந்த எட்டு செஷன்களின் பேச்சையும் வரிக்கு வரி அச்சிட்டார். பூட்டிய அறைக்குள் நடக்கிற வேலையை எல்லோரும் படித்துப் பார்க்கும்படி வெளியே வைத்தது அன்றைக்குப் பெரிய துணிச்சல். 1957-இல் எழுதிய கட்டுரையில், மனிதர் மாறுவதற்கு ஆலோசகரிடம் இருக்கவேண்டியவை என்று அவர் சொன்னவற்றில் மூன்று இன்றும் எல்லா இடத்திலும் கற்றுத்தரப்படுகின்றன: வந்தவரின் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் மதிப்பது, வேஷம் போடாமல் இருப்பது.

கேட்க எளிதாக இருக்கும். அறைக்குள் எப்படி இருக்கும் என்று ஒன்று காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், கீழே வருகிற எல்லாக் கதைகளுக்கும் இது பொருந்தும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிற பெண். வந்ததும் சொன்னார்: "ஒண்ணுமில்ல மேடம், நைட்டுல தூக்கம் வரல, அவ்ளோதான்."

"தூக்கம் வராம படுத்திருக்கும்போது மனசு எங்க போவுது?"

"எங்கயும் போவல... காலைல பஸ் வருமா, லைன்ல நிக்கணும், சூப்பர்வைசர் மூஞ்சிய பாக்கணும்."

"சூப்பர்வைசர் மூஞ்சிய பாக்கணும்."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அவரு கத்துறது கூடப் பரவால்ல மேடம். எல்லார் முன்னாடியும் கத்துறாரு பாருங்க."

"தனியா திட்டுனா தாங்கிக்குவீங்க. நாலு பேர் எதிர்ல அவமானமா இருக்கு."

"எங்கப்பா அப்படித்தான் மேடம் பண்ணுவாரு." அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான்: அவர் சொன்ன பல விஷயங்களில் எது அவரைத் தொடுகிறதோ அதைத் திரும்பச் சொன்னேன், அந்த மௌனத்தை நிரப்பாமல் விட்டேன், அப்புறம் அவர் சொல்லாத ஒரு சொல்லை, 'அவமானம்' என்பதை, நான் எடுத்து வைத்தேன். அது தப்பாக இருந்திருந்தால் "அப்படி இல்ல மேடம்" என்று அவர் திருத்தியிருப்பார், நானும் விட்டிருப்பேன். "தூக்கத்துக்கு முன்னாடி போன் பாக்காதீங்க" என்று முதல் நிமிடத்திலேயே அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தால் அப்பா அந்த அறைக்குள் வந்திருக்கவே மாட்டார்.

இதை மேலோட்டமாகக் கற்றவர்கள் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதும், "நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று கேட்பதும்தான் முறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன் முறை இப்படிக் கிளிப்பேச்சாகச் சுருக்கப்பட்டதில் ரோஜர்ஸுக்கே பெரிய வருத்தம் இருந்தது. உங்கள் தங்கையின் இப்போதைய ஆலோசகர் எந்த வகை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு அடையாளம் உண்டு. நல்ல கேட்பாளரிடம் பேசிவிட்டு வெளியே வரும்போது, முன்பு தெரியாத ஏதோ ஒன்று தன்னைப் பற்றித் தெரிந்திருக்கும். சுவரிடம் பேசிவிட்டு வந்த மாதிரி தொடர்ந்து இருந்தால் அங்கே கேட்டல் நடக்கவில்லை.

இப்போது நம்ம ஊர் சிக்கல் ஒன்று. நம்மில் பெரும்பாலோர் ஆலோசகரிடம் வருவது வழி கேட்கத்தான். "சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா செய்யறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவரிடம், "உங்கள் விடை உங்களுக்குள்ளேயே இருக்கிறது" என்றால் கைவிட்டுவிட்டதாகத்தான் நினைப்பார். இதை இந்திய மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். ஜே.எஸ். நேகி 1973-இல் எழுதிய கட்டுரையில், குரு-சீடர் உறவை நம் நாட்டு உளச்சிகிச்சைக்கு ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒருவரைச் சார்ந்து நிற்பது நம் பண்பாட்டில் குறையாகப் பார்க்கப்படுவதில்லை, வழிகாட்டியின் மேல் நம்பிக்கை வைத்து அதன் வழியாகவே வளர்வதும் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். இதை முழுக்க ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. குருவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்களை ஆட்டிவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் வந்தவரை மையமாக வைப்பது என்றால், வழி கேட்டு வந்தவரின் அந்த எதிர்பார்ப்பையும் மதிக்கத்தான் வேண்டும்.

அதனால் அறிவுரை கேட்டால் நான் மறுப்பதில்லை. "இந்த மாதிரி நிலைமையில் சிலர் இப்படிச் செய்தார்கள், சிலர் அப்படிச் செய்தார்கள், உங்க வீட்டுக்கு எது சரிப்படும்?" என்று இரண்டு மூன்று வழிகளை முன்னால் வைப்பேன். தூக்கம், படபடப்பு, மருந்து போன்ற விஷயங்களில் எனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்லிவிடுவேன், அதில் மர்மம் காப்பது அநியாயம். புருஷனை விட்டுப் பிரியலாமா, வேலையை விடலாமா, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்யலாமா என்பவற்றில் மட்டும் முடிவு சொல்லமாட்டேன். ஏன் சொல்லமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுவேன்: அதன் பலனை அனுபவிக்கப்போவது அவர், நான் இல்லை. பெரும்பாலோர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். காரணம் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிப் போடும்போதுதான் கோபம் வருகிறது.

அடுத்தது, முதல் ஆலோசகர் எழுதச் சொன்ன அந்தத் தாள். அது ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சையிலிருந்து வருவது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகமாக ஆய்வு செய்யப்பட்ட முறைகளில் ஒன்று. என்ன நடந்தது, மனதில் என்ன எண்ணம் ஓடியது, என்ன உணர்ச்சி வந்தது, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கட்டம் கட்டி எழுதுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மாமியார் எட்டிப் பார்க்கிற வீட்டில், மனதில் ஓடுவதை எந்த நோட்டில் எழுதி எங்கே ஒளித்து வைப்பது? தங்கை எழுதாததற்குச் சோம்பல் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கமாட்டேன். பெக்கின் முறையிலும் ஒவ்வொரு செஷனின் முடிவில் "இன்றைக்கு எது உதவியது, எது உறுத்தியது?" என்று கேட்பது ஒரு பகுதி. அதைச் செய்திருந்தால் தாள் அன்றைக்கே மாறியிருக்கும்.

பீடி சுற்றும் ஒரு அம்மாவுக்கு எழுத்து வராது. திடீர் திடீரென்று மூச்சு முட்டி நெஞ்சு அடைக்கும், செத்துவிடுவோம் என்ற பயம் வரும். இதயத்தைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வந்தார். அவரோடு சேர்ந்து யோசித்ததில் இரண்டு டப்பா வழி கிடைத்தது. யோசனை அவருடையது. பீடி முறத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பழைய டப்பா, கொஞ்சம் புளியங்கொட்டை. பயம் வந்து எழுந்து வெளியே ஓடினால் ஒரு டப்பாவில் ஒரு கொட்டை. பயம் வந்தும் அங்கேயே உட்கார்ந்து, அது ஏறி இறங்கும்வரை இலையைச் சுற்றிக்கொண்டே இருந்தால் மற்றதில் ஒரு கொட்டை. வாரக் கடைசியில் கொட்டைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் மேஜையில் பிரித்துக் கொட்டுவார். முதலில் எல்லாம் ஓடின டப்பாக் கொட்டை. போகப் போக அடுத்த டப்பா கனத்தது. படிவத்தில் இருக்கிற அறிவு முழுவதும் அதில் இருந்தது: பயத்தை அளப்பது, தப்பி ஓடாமல் இருப்பது, ஓடாவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே கற்றுக்கொள்வது. மாறியது வடிவம். உங்கள் தங்கைக்கு அது போனில் பேசிப் பதிவு செய்வதாக இருக்கலாம், எழுதவே தேவையில்லாமல் தினமும் ஒரு சின்ன வேலையைத் திரும்பத் தொடங்குவதாகவும் இருக்கலாம்.

குடிப்பழக்கத்தில் இந்த வளைந்து கொடுக்கும் தன்மை இன்னும் முக்கியம். எங்களிடம் வருகிற குடிகாரர்களில் பலர் தாமாக வருவதில்லை, மனைவியோ அண்ணனோ இழுத்து வருகிறார்கள். அவரை உட்காரவைத்து ஈரல் கெடும், குடும்பம் கெடும் என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டுப் போகும் வழியிலேயே குடிப்பார். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் நார்வேயில் இருந்தபோது, குடிநோயாளிகளிடம் தான் எப்படிப் பேசுகிறேன் என்று அங்கிருந்த இளம் உளவியலாளர்களுக்கு நடித்துக் காட்டினார். ஏன் இந்தக் கேள்வி, ஏன் அந்தப் பதில் என்று அவர்கள் துருவித் துருவிக் கேட்டதில்தான் தன் முறைக்கு ஒரு ஒழுங்கு இருப்பது அவருக்கே தெரிந்தது. 1983-இல் அதை எழுதினார். ரோஜர்ஸின் கேட்டல் அதில் இருக்கிறது, கூடவே ஒரு திசையும் இருக்கிறது. மாறவேண்டும் என்பதற்கான காரணத்தை ஆலோசகர் சொல்லாமல், குடிப்பவர் வாயிலிருந்தே வரவைப்பது. நாம் "விடு" என்று தள்ளினால் அவர் "விடமாட்டேன்" பக்கம் நின்று வாதாடுவார். தன் வாதத்தைத் தானே கேட்டு இன்னும் உறுதியாவார்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர் (நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு) முதல் நாள் "என்னால எப்ப வேணாலும் நிறுத்த முடியும்" என்றார். நான் மறுக்கவில்லை. "பட்டாளத்துல இருந்தீங்க, கட்டுப்பாடு உங்களுக்குப் புதுசு இல்ல. அப்ப, குடி உங்களுக்கு எதுக்கு உதவுது?" என்று கேட்டேன். நிறைய சொன்னார். "உதவாதது எதாவது இருக்கா?" என்றதும் நேரம் எடுத்தார். பேத்தி இப்போது மடியில் வந்து உட்காருவதில்லை, வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள் என்றார். டாக்டர் காட்டிய ஈரல் ஸ்கேன் செய்யாததைப் பேத்தியின் மூக்கு செய்தது. இங்கேயும் ஒரு எச்சரிக்கை: பல வருடம் தினமும் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மனம் மாறியதும் அடுத்த படி மருத்துவர் மேற்பார்வைதான்.

இன்னொரு விஷயம் நம் ஊரில் தினமும் எழும்: அறைக்குள் வரவேண்டியவர் யார்? வெளிநாட்டு நூல்களில் வந்தவர் ஒருவர், எதிரே ஆலோசகர் ஒருவர். இங்கே ஒருவரோடு மூன்று பேர் வருவார்கள், அம்மாதான் பேசுவார். இதை இடைஞ்சலாகப் பார்க்காத ஒரு மரபு வேலூரிலேயே இருக்கிறது. பாகாயத்தில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையத்தில் 1950-களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தார் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிறார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். மனநோயாளியைச் சுவருக்குள் தனியே பூட்டிவைப்பது உலகமெங்கும் வழக்கமாக இருந்த காலம் அது. நம் நாடு உலகத்துக்குக் காட்டிய நல்ல வழிகளில் இதை ஒன்றாக நான் மதிக்கிறேன்.

ஆனால் குடும்பம் உள்ளே வருவதும் வந்தவர் சம்மதத்தோடுதான். நான் முதலில் வந்தவரைத் தனியாகப் பார்த்து, "யார் இருந்தால் உங்களுக்குப் பேச வரும், எதை அவங்ககிட்ட சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?" என்று கேட்டுக்கொள்வேன். சில மருமகள்கள் மாமியாரை வெளியே இருக்கச் சொல்வார்கள். சில கல்லூரிப் பிள்ளைகள், அப்பாவிடம் தாங்கள் சொல்ல முடியாததை என்னைச் சொல்லச் சொல்வார்கள். உங்கள் தங்கை விஷயத்தில், அவர் சம்மதித்தால், வீட்டுக்காரரை ஒருமுறை கூட்டிப் போகலாம். "பேசுறதுக்குக் காசா" என்கிறவர், ராத்திரி குழந்தைக்கு எழுந்து மனைவியை ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கவிட்டால் என்ன நடக்கும் என்று மூன்றாவது ஆளிடமிருந்து கேட்டால் எடுத்துக்கொள்வார்.

மந்திரிப்பதைப் பற்றித் தயக்கத்தோடு எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம். திருஷ்டி, செய்வினை, காத்து கருப்பு என்று சொல்கிறவர்களை நான் கேலி செய்வதில்லை, நல்ல ஆலோசகர் யாரும் செய்யக்கூடாது. "இது எதனால வந்ததுன்னு நீங்க நினைக்கிறீங்க? வீட்டுல என்ன சொல்றாங்க? எதைச் செஞ்சா சரியாகும்னு தோணுது?" என்று கேட்பது முறையான பரிசோதனையின் பகுதி. அமெரிக்க மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970-களில் இப்படிப்பட்ட கேள்விகளை வகுத்தார். இதைச் சுருக்கமாகக் கேட்பதற்கான நேர்காணல் வடிவம் ஒன்று 1998-இல் வெளியானது. அதை உருவாக்கியவர்களில் வேலூர் சி.எம்.சி.யின் கே.எஸ். ஜேக்கப்பும் ஒருவர். ஒரே ஆள் ஒரே நேரத்தில் "இது நோய்" என்றும் "இது செய்வினை" என்றும் நம்புவதும், இரண்டுக்கும் வைத்தியம் தேடுவதும் வேலூரில் நடந்த ஆய்வுகளிலேயே வந்த விஷயம். தர்காவுக்கோ கோயிலுக்கோ போய் வந்து மனம் லேசானால் போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அடித்தால், பட்டினி போட்டால், பெரிய பணம் கேட்டால் அங்கே நிறுத்தவேண்டும். இந்த எல்லையை உங்கள் அம்மாவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். நம்பிக்கையை விடச் சொன்னால் கேட்கமாட்டார், இதைக் கேட்பார்.

வளைந்து கொடுப்பதற்கும் எல்லை உண்டு, இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கைகழுவிக்கொண்டே இருக்கிற எண்ணச் சுழற்சி நோயில், பயப்படுகிற பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கிற பயிற்சிதான் பேச்சுச் சிகிச்சைகளில் நன்றாகப் பலன் தரும். வந்தவருக்கு அது பிடிக்காது, ஆலோசகருக்கும் கஷ்டம். "அவருக்குப் பிடிக்கவில்லை" என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தால் நோய் வளரும். எந்த வேகத்தில், எந்தப் படியில் தொடங்குவது என்பதில் வளையலாம், பயிற்சியே வேண்டாம் என்பதில் வளையக்கூடாது. மனச்சிதைவு நோய்க்கும் இதுதான். 1950-களின் இறுதியில் ரோஜர்ஸ் தன் முறையை விஸ்கான்சினில் ஒரு மனநல மருத்துவமனையின் மனச்சிதைவு நோயாளிகளிடம் பெரிய ஆய்வாகச் செய்து பார்த்தார், எதிர்பார்த்த பலன் வரவில்லை. அந்த நோய்க்கு மருந்து வேண்டும், மரியாதையான பேச்சு அதோடு சேர்ந்து வேண்டும். அப்புறம், உயிருக்கு ஆபத்து இருந்தால் ரகசியமும் வளையும். இதை நான் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு இதில் கொஞ்சம், நாளைக்கு அதில் கொஞ்சம் என்று கேள்விப்பட்டதையெல்லாம் கலந்து செய்வதும் வளைந்து கொடுப்பது ஆகாது. எந்த முறையை ஏன் எடுத்தோம், எதற்காக மாற்றினோம் என்று ஆலோசகரால் சொல்ல முடியவேண்டும். நீங்கள் கேட்டால் உங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லவும் வேண்டும்.

எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டீர்களே, எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் சொன்னது இன்றைக்கும் நல்ல அளவுகோல். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்களா, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் ஒத்துப்போகிறார்களா, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கிறதா. பலவகைச் சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்த ஒத்துப்போதல் பலனோடு தொடர்ந்து சேர்ந்து வருகிறது. தனக்கு விருப்பமான முறை கிடைத்தவர்கள் பாதியில் விட்டுப் போவது குறைவு என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. இன்னொரு முடிவு எங்களைப் போன்றவர்கள் எப்போதும் நினைவில் வைக்கவேண்டியது: தன்னிடம் வருகிறவர்களில் யார் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்பதை ஆலோசகர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகிறார்கள். கேட்டால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் ஒதுக்கி, "இந்த வாரம் எப்படி இருந்தது, இன்று நான் உங்களைப் புரிந்துகொண்டேனா, நாம் பேசவேண்டியதைப் பேசினோமா?" என்று கேட்பதற்குச் சிறிய படிவங்களே இருக்கின்றன. நம் மக்கள் மரியாதைக்காக "நல்லா இருந்தது மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நான் "எது சரியில்லை என்று ஒன்றாவது சொல்லுங்கள், கோபப்படமாட்டேன், அது எனக்கு வேண்டும்" என்று கேட்கிறேன்.

உங்கள் தங்கை ஆலோசகரை மாற்றுவதற்கு முன்னால், இப்போது பார்ப்பவரிடமே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். "மேடம், நீங்க கேக்குறது நல்லா இருக்கு, ஆனா வீட்டுக்குப் போனா என்ன பண்றதுன்னு தெரியல. ஒவ்வொரு தடவையும் செய்யறதுக்கு ஒண்ணு சொல்லி அனுப்புங்க." இவ்வளவு போதும். நேரில் சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் கையில் கொடுக்கட்டும், அல்லது சம்மதம் வாங்கிக்கொண்டு நீங்கள் கூடப் போய்ச் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் ஆர்வத்தோடு முறையை மாற்றினால், சரியான ஆளிடம் இருக்கிறீர்கள். தற்காப்பாகப் பேசினால், அல்லது "உங்களுக்கு மாறுவதில் விருப்பம் இல்லை" என்று பழியைத் தங்கை மேல் திருப்பினால், வேறு ஆளைத் தேடுங்கள். மூன்று நான்கு முறை போயும் துளி மாற்றம்கூட இல்லை என்றால் அதையும் பேசவேண்டும்.

தேடும்போது தகுதியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், பதிவு எண்ணைக் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் தங்கைக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அவர் என்ன பேசினார் என்று வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. காசுதான் தடை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பாகாயத்து சி.எம்.சி. மையத்துக்குப் போவதென்றால் காட்பாடியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் போதும். இடையில் ராத்திரி நேரத்தில் மனம் தாங்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைத் தங்கையின் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் இன்றைக்கே பதிந்து வைத்துவிடுங்கள்.